கட்டிலும் கணக்கும்



மருத்துவமனையிலே ஒருவர் படுத்திருக்கிறார் என்றால், அவர் அங்கே படுத்திருக்க வேண்டியவர் என்றுதான் நாம் எண்ணிக்கொள்கிறோம். வேண்டாதவரை யார் சேர்ப்பார்? சேர்த்தாலும் யார் இருப்பார்? சிறைச்சாலைக்கும் மருத்துவமனைக்கும் விரும்பிச் செல்பவர் உண்டா? இப்படிக் கேட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நான் இன்று அந்தக் கேள்வியைச் சற்றுக் கிளறிப் பார்க்க வந்திருக்கிறேன். இங்கே அமர்ந்து கேட்கும் நீங்களும், ஏட்டிலே அச்சேறிய பின் படிக்கப்போகும் தோழர்களும், சிறிது நேரம் என்னோடு அமெரிக்க நாட்டு மருத்துவமனைகளுக்கு வரவேண்டும். வழிச்செலவு கிடையாது!

ஏன் அமெரிக்கா என்று கேட்பீர்கள். அங்கே மருத்துவம் ஒரு சரக்கு. சரக்கு என்றால் விலை உண்டு. விலை என்றால் கணக்கு உண்டு. கணக்குப் பார்க்கச் சொன்னவர்கள், செலவு மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கணக்கிலே வெளிப்பட்ட உண்மை, அவர்கள் எதிர்பார்த்த உண்மையாக இல்லை. அதனால்தான் அந்தக் கதை நமக்கும் வேண்டியதாகிறது.

1965ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயது நிறைந்த முதியோரின் மருத்துவமனைச் செலவை அரசே ஏற்கும் என்றது அந்தச் சட்டம். மெடிகேர் என்பது அதன் பெயர். நல்ல சட்டம், ஏழை முதியவர் பலர் அதனால் முதன்முறையாக மருத்துவமனையின் படியேறினர். ஆனால் மருத்துவமனைக்குப் பணம் தரும் முறை எப்படி இருந்தது தெரியுமா? ஆன செலவைச் சொல், தருகிறோம் என்றிருந்தது. எவ்வளவு நாள் படுத்திருந்தால் அவ்வளவு செலவு; எவ்வளவு செலவோ அவ்வளவு வரவு! மில்ட்டன் ரோமர் என்ற பொதுநல மருத்துவ அறிஞர் 1959லேயே எச்சரித்திருந்தார்: காப்பீடு இருக்கும் ஊரிலே கட்டிலைப் போட்டுவிட்டால், அந்தக் கட்டில் காலியாக இராது, எப்படியும் ஆள் வந்து சேரும் என்று. கட்டில் நோயாளியைத் தேடும் விந்தை அது!

சட்டம் இயற்றியவர்கள் ஏமாளிகள் அல்லர். சேர்க்கை தேவைதானா என்று பார்க்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு குழு வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். குழுவில் அமர்ந்தவர்கள் யார்? அதே மருத்துவமனை மருத்துவர்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். வேலியும் பயிரும் ஒரே வீட்டுக்காரருடையவை, அவ்வளவுதான். 1972இல் இன்னொரு சட்டம் வந்தது. வெளியிலிருந்து மருத்துவர் குழுக்கள் ஆய்வு செய்யட்டும் என்றது. அப்பொழுதும் சிக்கல் தீரவில்லை. ஒரே ஏட்டைப் படித்துவிட்டு, ஒரு மருத்துவர் 'இவர் இருக்க வேண்டியவர்' என்பார்; மற்றொருவர் 'போகலாம்' என்பார். துணிக்கடையில் ஆளுக்கொரு முழம் இருந்தால் வணிகம் எப்படி நடக்கும்? முழங்கை போதாது, அளவுகோல் வேண்டும் என்ற நிலை வந்தது.

அந்த அளவுகோலை 1981ஆம் ஆண்டு வெளியிட்டார்கள், பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் கெர்ட்மன், ஜோசப் ரெஸ்டூச்சியா என்ற இருவர். தகுதி மதிப்பீட்டு முறை என்று அதைத் தமிழில் சொல்லலாம். பிள்ளைப்பேறும் மனநோயும் நீங்கலாக, வயதுவந்தோர்க்கான முறை அது. குழந்தைகளுக்கென வேறொரு பட்டியல் பின்னர் வந்தது.

அவர்கள் செய்த புதுமை என்ன? நோயின் பெயரைக் கேட்பதை விட்டார்கள்! 'இவருக்கு என்ன நோய்?' என்று கேட்டால், மருத்துவர் ஒரு பெரிய பெயரைச் சொல்லுவார். கேட்பவர் வாயடைத்துப் போவார். ஆகவே அவர்கள் கேட்டது வேறு கேள்வி: 'இன்றைய நாளில் இவருக்கு இங்கே என்ன செய்யப்பட்டது? இவர் உடல்நிலை இன்று எப்படி இருந்தது?' ஒரு நாளை மதிப்பிட 27 குறிப்புகள் அடங்கிய பட்டியல் ஒன்று வகுத்தார்கள். மருத்துவப் பணி, செவிலியர் பணி, நோயாளியின் நிலை என மூன்று பிரிவுகள் அதற்கு. அன்றைக்கு அறுவைக்கூடத்தில் அறுவை நடந்ததா? உள்ளுறுப்பிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்களா? மூச்சுக்கருவி பொருத்தப்பட்டிருந்ததா? நரம்பின் வழியே இடைவிடாது மருந்து ஏறியதா? பெரிய அறுவைப் புண்ணுக்கும் அதில் செருகிய குழாய்க்கும் கவனிப்பு நடந்ததா? கடந்த இரண்டு நாளுக்குள் குருதி ஏற்ற வேண்டி வந்ததா? சிறுநீர் பிரியாமல் துடித்தாரா? திடீரென அறிவு கலங்கிப் பிதற்றினாரா? இவற்றுள் ஒன்றுக்கு, ஒரே ஒன்றுக்கு, 'ஆம்' என்ற விடை இருந்தால் போதும். அந்த நாள் தேவையான நாள். 27க்கும் 'இல்லை' என்றால், அது தேவையற்ற நாள்.

சேர்க்கைக்குத் தனிப் பட்டியல். நினைவிழந்து வந்தாரா, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கியதா, 140க்கு மேலே ஏறியதா, பார்வை திடீரெனப் போயிற்றா, கைகால் விளங்காமல் போயிற்றா, குருதி ஒழுகுகிறதா என்பவை போன்ற கேள்விகள் அதில் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் ஏட்டைப் புரட்டிச் சில நிமிடங்களில் விடை கண்டுவிடலாம். இருவர் தனித்தனியே பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே விடை வரும். பட்டியலுக்குள் அடங்காத தனிக்காரணம் இருந்தால், பட்டியலை மீறித் தீர்ப்பளிக்கவும் இடம் வைத்திருந்தார்கள். அந்த அடக்கத்தை நான் பாராட்டுகிறேன்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. 'தேவையற்ற நாள்' என்றால், அவர் நோயில்லாதவர், நடித்துப் படுத்திருக்கிறார் என்று பொருளல்ல. அவருக்குக் கவனிப்பு வேண்டும். ஆனால் அந்தக் கவனிப்பு புறநோயாளிப் பிரிவிலோ, சிறிய இல்லத்திலோ, தன் வீட்டுத் திண்ணையிலோ கிடைத்திருக்கலாம் என்பதே பொருள். இந்த வேறுபாட்டை மறந்தவர்களால் விளைந்த கேட்டைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று சிலர் கேட்கலாம். படுக்கை, ஓய்வு, அது நல்லதுதானே என்பார்கள். 1947லேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற இங்கிலாந்து மருத்துவர், படுக்கையில் கிடப்பதால் வரும் தீங்குகளைத் தலைமுதல் கால்வரை அடுக்கி, பிரித்தானிய மருத்துவ ஏட்டில் எழுதினார். நுரையீரலில் சளி தேங்கும், கால் நரம்பில் குருதி உறையும், எலும்பு சுண்ணம் இழக்கும், தோல் புண்ணாகும், மனம் மழுங்கும். 2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள்: நோயில்லாத முதியவர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் கால்களிலே ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது! நடந்து வந்தவரைத் தூக்கிச் செல்ல வேண்டிய நிலை எப்படி வருகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? மருத்துவமனையில் வாழும் கிருமிகள் தொற்றுவது வேறு கதை. பக்கத்தில் துணையிருக்கும் மகனின் கூலி போவது வேறு கதை. அந்தக் கட்டில் கிடைக்காமல் தாழ்வாரத்துத் தரையில் பாய் விரித்தவரின் கதை இன்னும் வேறு.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

தேவையற்ற சேர்க்கை நிரம்ப இருக்கிறது என்றவுடன், பணம் படைத்தோர் உலகம் ஒரு மருந்தைச் சொல்லிற்று. 'இலவசமாகக் கொடுத்தால் கூட்டம் சேரத்தான் செய்யும். நோயாளியும் தன் சட்டைப் பையில் கைவிடட்டும். வேண்டாதவன் தானே விலகிப் போவான்' என்றது. கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கிறது. நம்மூரிலும் இந்த வாதத்தைச் சொல்பவரைப் பார்த்திருக்கிறீர்கள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்கு எரிச்சல் வந்துவிடுகிறது!

இந்த வாதத்தை நாவாலே பேசித் தீர்க்காமல் நாட்டிலே சோதித்துப் பார்த்தார்கள் என்பதுதான் அமெரிக்கக் கதையின் சிறப்பு. ராண்டு நிறுவனம், அரசின் பணத்தில், 1974 முதல் 1982 வரை ஒரு பெருஞ்சோதனை நடத்திற்று. ஜோசப் நியூஹவுஸ் என்ற பொருளியலார் அதற்குத் தலைமை தாங்கினார். ஆறு இடங்கள்; ஏறத்தாழ 2,750 குடும்பங்கள்; 7,700 பேருக்கு மேல். யாருக்கு எந்தத் திட்டம் என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்தார்கள். சிலருக்கு எல்லா மருத்துவமும் இலவசம். மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைத் தாமே தரவேண்டும். நூற்றுக்கு 25, 50, ஏன், 95 வரைகூட. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கேட்கமாட்டோம் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு.

பணம் கட்ட வேண்டியவர்கள் மருத்துவமனைக்குக் குறைவாகவே போனார்கள். அது வியப்பன்று. 'பார்த்தீர்களா, எங்கள் மருந்து வேலை செய்கிறது' என்று கட்டணக் கட்சியார் கைகொட்டியிருப்பார்கள். ஆனால் குறைந்தது எது? வேண்டாத சேர்க்கையா, வேண்டிய சேர்க்கையா? அதைக் காண ஆல்பர்ட் சியு என்பவரும் அவருடைய துணைவர்களும், மருத்துவமனையில் சேர்ந்த வயதுவந்தோர் 1,132 பேரின் ஏடுகளை எடுத்து, நான் சொன்ன அந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள். 1986இல் முடிவை வெளியிட்டார்கள்.

மொத்தத்தில் நூற்றுக்கு 23 சேர்க்கை தேவையற்றவை. இன்னும் 17, அன்றே வந்து அன்றே திரும்பும் அறுவையாகச் செய்திருக்கத்தக்கவை. இது முதல் அதிர்ச்சி. இரண்டாவதைக் கேளுங்கள். இலவசத் திட்டத்தில் இருந்தோரின் சேர்க்கையில் தேவையற்றது நூற்றுக்கு 24. எல்லாவற்றுக்கும் பணம் கட்டியோரின் சேர்க்கையில்? 22. படுத்திருந்த நாட்களில் தேவையற்றவை இலவசத்தில் 35, கட்டணத்தில் 34. இந்த வேறுபாட்டை ஒரு வேறுபாடாகவே கொள்ள முடியாது என்று ஆராய்ந்தவர்களே எழுதினார்கள்.

பொருள் என்ன, தோழர்களே? கட்டணம் என்ற கத்தரிக்கோல் களையையும் பயிரையும் ஒன்றாகவே கத்தரித்தது! நூறு பேர் வர வேண்டிய இடத்தில் எண்பது பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராமற்போன இருபது பேரில், வந்தேயாக வேண்டியவர்களும் அதே விகிதத்தில் இருந்தார்கள். அதே சோதனையின் மற்றொரு பகுதியிலே, குருதி அழுத்த நோயுள்ள ஏழைகளுக்கு இலவசத் திட்டத்தில்தான் அழுத்தம் நன்கு கட்டுப்பட்டது என்றும் கண்டார்கள். இதில் வியப்படைய என்ன இருக்கிறது? நெஞ்சு வலிப்பவனுக்கு அது வாயுவா, மாரடைப்பா என்று தெரியுமா? தெரிந்தால் அவன் ஏன் மருத்துவரிடம் வருகிறான்? அவன் பையிலே கைவைப்பதால் அவனுக்கு மருத்துவ அறிவு வந்துவிடுமா? மேலும், மருத்துவமனையில் சேர்வது நோயாளி எடுக்கும் முடிவா? 'சேர்ந்துவிடுங்கள்' என்று சொல்பவர் மருத்துவர். 'திங்கட்கிழமை வரை இருங்கள்' என்று சொல்பவரும் அவரே. முடிவு ஓரிடத்தில், தண்டனை வேறோரிடத்தில்!

அப்படியானால் தேவையற்ற நாட்கள் எங்கிருந்து வருகின்றன? அளவுகோலை வகுத்தவர்கள் நாளைக் குறித்ததோடு நிற்கவில்லை. தேவையற்ற நாள் ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் குறிக்கச் சொன்னார்கள். அந்தக் காரணப் பட்டியலைப் படித்தால், நம் பெரிய மருத்துவமனை எதையேனும் சுற்றி வந்தது போலவே இருக்கும். சோதனைக்கு நாள் கிடைக்கவில்லை. சோதனை முடிந்தது, முடிவு வரவில்லை. அறுவைக்கூடம் காலியில்லை. சனி ஞாயிறு அந்தப் பிரிவு இயங்காது. பெரிய மருத்துவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அவர் நாளை வருவார். எதற்கும் இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்ற பழக்கம். வீட்டிலே பார்த்துக்கொள்ள ஆளில்லை. அனுப்பி வைக்க இடைநிலை இல்லம் இல்லை. பிரிட்டனும், ஸ்பெயினும், இத்தாலியும், ஸ்விட்சர்லாந்தும் இந்த அளவுகோலைத் தம் நாட்டுக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொண்டன. அங்கேயும் இதே போன்ற காரணங்களைக் குறித்தார்கள். இவற்றுள் எது நோயாளியின் குற்றம்?

இன்னொரு சான்று. பாஸ்டன், நியூ ஹேவன் என்ற இரண்டு நகரங்கள். இரண்டிலும் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரிகள். ஜான் வென்பெர்க் என்பவரும் துணைவர்களும் 1987இல் ஒப்பிட்டுக் காட்டினார்கள்: 1982ஆம் ஆண்டில் மருத்துவமனைப் படுக்கைச் சிகிச்சைக்கு நியூ ஹேவனில் தலைக்கு 451 டாலர், பாஸ்டனில் 889. பாஸ்டனில் இருப்பவர்கள் இரட்டிப்பு நோயாளிகளா? முதியோர் இறப்பை 1989இல் ஒப்பிட்டபோது, இரண்டு நகரங்களும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தன. பாஸ்டனில் கட்டில்கள் மிகுதி. ரோமர் சொன்னது நினைவிருக்கிறதா?

அளவுகோல் நல்லது என்பேன். ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்காரன் கையிலும் முழக்கோல்தான், கண்டிப்பான வாத்தியார் கையிலும் முழக்கோல்தான். ஒன்று துணியை அளக்கிறது, மற்றொன்று முதுகை அளக்கிறது!

கலிபோர்னியா மாநிலத்தில் 1977ஆம் ஆண்டு சனவரியில் ஏழைப் பெண் ஒருவருக்குப் பெருங்குருதிக் குழாயில் அறுவை நடந்தது. ஏழைகளுக்கான அரசுத் திட்டம் முதலில் பத்து நாள் தந்திருந்தது. சிக்கல்கள் ஏற்பட்டதால், இன்னும் எட்டு நாள் வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். திட்டத்தின் ஆலோசகர், நோயாளியைப் பாராமலேயே, நான்கு நாள் போதும் என்றார். நான்கு நாள் முடிந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாளில் திரும்ப வந்தார். காலை வெட்ட வேண்டியதாயிற்று. வழக்குத் தொடுத்தார், முதல் மன்றத்தில் வென்றார், 1986இல் மேல்முறையீட்டில் தோற்றார். 'அனுப்பிய மருத்துவரே பொறுப்பாளி. அவர் எதிர்த்து வாதாடியிருக்க வேண்டும்' என்ற போக்கில் தீர்ப்பு அமைந்தது. கால் போனது போனதுதான். மருத்துவமனைக்கு நாள்கணக்கில் பணம் தருவதை விட்டு, நோய்க்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தரும் முறை 1983இல் மெடிகேருக்கு வந்தது. தங்கும் நாள் குறைந்தது. குணமாகுமுன்னே விரைவாக வெளியேற்றுகிறார்கள் என்ற குமுறலும் உடன் எழுந்தது. முன்பு இருந்தால் இலாபம். பின்பு போனால் இலாபம். இரண்டு முறையிலும், நோயாளி இன்று எப்படி இருக்கிறார் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படும் அபாயம் இருக்கிறது.

மற்றொரு குறையும் உண்டு. அது அளவுகோலின் பிறவிக்குறை. அது படுக்கையில் இருப்பவரின் ஏட்டை மட்டுமே படிக்கும். வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஏடு இல்லை. பேருந்துக் காசு இல்லாமல் வராமலிருந்தவருக்கு ஏடு இல்லை. இருக்க வேண்டிய நாளில் இல்லாமற்போனவரை அந்த 27 கேள்விகளும் ஒருநாளும் கண்டுபிடிக்கமாட்டா.

நம் நாட்டுக்கு இதில் என்ன தொடர்பு? நேரான தொடர்பு உண்டு. மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். தொடர்ந்து 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனையை அதில் காணலாம். பகல்நேரச் சிகிச்சை எனத் தனியே பட்டியலிட்டவை மட்டும் விலக்கு. புறநோயாளியாகப் பார்த்து மாத்திரை கொடுத்தால் காசில்லை. கட்டிலில் கிடத்தினால் காசு உண்டு! ஏழைகளுக்கென 2018இல் மத்திய அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை தருவது மருத்துவமனைச் சேர்க்கைக்குத்தான். அன்றாடம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அழுத்த மாத்திரைக்கும் அன்று. மாத்திரை வாங்க முடியாதவன் ஓராண்டு கழித்துச் சிறுநீரகம் பழுதாகி வருகிறான். அப்பொழுது கட்டிலும் உண்டு, காப்பீடும் உண்டு. அந்தச் சேர்க்கையை அளவுகோல் 'தேவையானது' என்றே சொல்லும். சரியாகத்தான் சொல்லும்! ஆனால் அதைத் தேவையாக்கியது யார் என்று சொல்லாது.

ஆகவே அளக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அளக்கட்டும், அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் அளக்கட்டும். அளப்பவர், பணம் வாங்குபவரும் ஆகாமல், பணம் தருபவரும் ஆகாமல், வேறொருவராக இருக்கட்டும். நாளை வெட்டுவதற்கு முன், அந்த நாளைத் தேவையற்றதாக்கிய காரணத்தை வெட்டட்டும். சோதனைக்கூடம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தால் எத்தனை கட்டில் மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டுவிட்டுப் புதிய கட்டிடத்துக்குக் கால்கோள் நடத்தட்டும். கால்கோள் விழாவுக்குத் தோரணம் கட்டுவது எளிது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சோதனையாளரை அமர்த்துவதுதான் கடினமாக இருக்கிறது போலும்!

மருத்துவமனைகளின் ஆண்டறிக்கை வெளிவரும்போது, 'நோயாளி ஒருவர் தங்கிய சராசரி நாள்' என்று ஓர் எண்ணைக் காட்டி, அது குறைந்துவிட்டது என்று பெருமை பேசுவார்கள். உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம், எந்தக் கட்சியினராயினும் சரி, இன்னும் மூன்று எண்களைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். மருந்துக்கும் அறுவைக்கும் அல்லாமல் வெறும் காத்திருப்பில் கழிந்த நாட்கள் எத்தனை, எதற்காகக் காத்திருந்தார்கள்? வீட்டுக்கு அனுப்பப்பட்டு 30 நாளுக்குள் மீண்டும் தூக்கிவரப்பட்டவர் எத்தனை பேர்? இடமில்லை என்று வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், அவர்கள் எங்கே போனார்கள்?